டாய்லெட் ஸ்டூல்: வாங்கலாம், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்

வெஸ்டர்ன் கம்மோடில் உட்காரும்போது கால்களைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கென்று விற்கப்படும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைப் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமுள்ள வீட்டுச் சாமான் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கினோம். எண்பதை நெருங்கும் என் தாயார் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார், நானும் பயன்படுத்துகிறேன். பொருள் நல்ல பொருள். மூட்டுவலியால் தரையில் குந்த முடியாமல் போன பெரியவர்கள் உள்ள வீட்டில் இது இருக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அது வந்த அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாசகங்கள் உண்மையல்ல என்பதையும், அவற்றை நம்பி வாங்குகிறவர் மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடக்கூடும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்தில் பழைய வீடுகளில் கழிப்பறை என்றால் தரையோடு பதித்த இந்தியன் டாய்லெட்தான். இப்போது பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ வீடு கட்டுகிறவர்கள் படுக்கையறையை ஒட்டியே கம்மோடு வைத்துவிடுகிறார்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரும் உதவி; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் தாயார் கம்மோடுக்கு மாறிய பிறகு, அதுவரை இல்லாத தொந்தரவு ஒன்று வந்தது. நெடுநேரம் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து முக்க வேண்டியிருந்தது. சாப்பாடு மாறவில்லை, மாத்திரை மாறவில்லை, தண்ணீர் குடிக்கும் அளவும் மாறவில்லை. உட்காரும் முறை ஒன்றுதான் மாறியிருந்தது.

அது ஏன் என்பதற்கு உடலின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. மலக்குடல் ஆசனவாயைச் சந்திக்கும் இடத்தில் ஒரு தசை, இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து புறப்பட்டு, குடலைப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் முன்பகுதிக்கே வந்து சேர்கிறது. அது எப்போதும் சற்று இறுகி, குடலை முன்னோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால், அந்த இடத்தில் குடல் ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி நிற்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நின்றுவிடுவதைப் போல, நாம் நடக்கும்போதும் இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் மலத்தை உள்ளே நிறுத்தி வைப்பதில் இந்த மடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிக்குப் போகும்போது அந்தத் தசை தளர்ந்து மடிப்பு ஓரளவு நிமிர்கிறது. குந்தி உட்காரும்போது, அதாவது முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து தொடை வயிற்றை நோக்கி வரும்போது, அது இன்னும் நன்றாக நிமிர்கிறது. கம்மோடில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தால் பாதி மடிப்போடுதான் வேலை நடக்கிறது; மீதியை முக்கித்தான் சரிக்கட்ட வேண்டும்.

இஸ்ரேலில் 28 பேரைக் கொண்டு நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், குந்தி உட்கார்ந்தபோது சராசரியாக 51 வினாடியும், அவர்களே உயரமான கம்மோடில் உட்கார்ந்தபோது 130 வினாடியும் ஆயின. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 52 பேரிடம் இதுபோன்ற ஸ்டூலையே கொடுத்துச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் முக்குவது குறைந்தது என்றும் வேலை விரைவில் முடிந்தது என்றும் தெரிவித்தார்கள். இரண்டும் சிறிய ஆய்வுகள். இரண்டாவதில் கலந்துகொண்டவர்கள் உடல்நலத்தோடு இருந்தவர்கள். ஆகவே மலச்சிக்கல் என்னும் நோயை ஸ்டூல் தீர்த்துவிடும் என்று இவற்றைக் காட்டி யாரும் முடிவு கட்ட முடியாது. முக்குவதைக் குறைக்கும் என்ற அளவுக்கு நம்பலாம். வயதானவர்களுக்கு அந்த ஒன்றே பெரிய காரியம். மூச்சைப் பிடித்து முக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, இரத்த அழுத்தம் தடுமாறுகிறது. கழிப்பறையில் பெரியவர்கள் மயங்கி விழுவதற்கு அது ஒரு காரணம். மூலமும் ஆசனவாய் வெடிப்பும் முக்குவதால் மோசமாகின்றன. ஸ்டூல் வந்த பிறகு என் தாயார் சொன்னது இதுதான்: “இப்பம் சௌரியமா இருக்குய்யா, மூச்சப் பிடிச்சு முக்க வேண்டாம்.”

இனிப் பொருளைப் பற்றி. ஸ்டூல் 7 அங்குல உயரம். கம்மோடின் அடிப்பகுதியை அணைத்தபடி நிற்பதற்காகப் பின்பக்கத்தில் அரைவட்டமாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். பாதம் வைக்கும் இரண்டு பக்கமும் சற்று உள்நோக்கிச் சரிந்திருப்பதும், வழுக்காமலிருக்க மேலே பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழுப்பியிருப்பதும் நன்றாகவே வேலை செய்கின்றன. கனமான ஆள் காலை ஊன்றினாலும் நெளியவில்லை. குறை அடிப்பக்கத்தில் இருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களும், அவற்றுக்கிடையே சிறு சிறு அறைகளும் தெரியும். தரையில் தெறிக்கும் தண்ணீர் அந்த அறைகளில் தங்கி, எங்கள் தெருவின் போர்த் தண்ணீராக இருந்தால் வெள்ளையாக உப்பும், ஓரங்களில் கறுப்பாகப் பாசியும் பிடிக்கிறது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாக வேண்டும். நான்கு மூலையிலும் உள்ள ரப்பர் புஷ்களை வெறும் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று விரைவிலேயே கழன்றுவிட்டது. புஷ் இல்லாத ஸ்டூல் ஈரமான டைல்ஸில் நகரும் என்பதால் இதை அற்பமான குறையாக நான் கருதவில்லை. அரைவட்டத்தின் விளிம்பில் அச்சில் வார்த்தபோது நின்றுபோன பிசிறு, கணுக்காலில் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்தோம்.

இன்னொன்று, இதை வடிவமைத்தவர்கள் காகிதத்தால் துடைக்கும் நாட்டை நினைத்தே வடிவமைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். கால்களை ஸ்டூலில் வைத்தபடியே கழுவினால் ஸ்டூல் முழுதும் நனைந்து, எழும்போது கால் வழுக்க இடமுண்டு. முதலில் கால்களைத் தரைக்கு இறக்கி, ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதன் பிறகு கழுவுவதுதான் பாதுகாப்பு. பெரியவர்கள் பயன்படுத்துவதாக இருந்தால் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்திவிட வேண்டும். ஸ்டூலுக்குச் செலவழிப்பவர்கள் கைப்பிடிக்கும் சேர்த்தே கணக்குப் போடுவது நல்லது.

பெட்டி வாசகங்களுக்கு வருகிறேன். ‘குடலில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கழிவையும் நச்சையும் வெளியேற்றும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் நாம் குடிப்பதும் உணவில் சேர்வதுமாக ஏறக்குறைய 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. அதோடு உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், சிறுகுடல் சுரக்கும் நீர் என்று உடலே சுமார் 7 லிட்டரைக் குடலுக்குள் விடுகிறது. இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியை ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் மறுபடி உறிஞ்சிக்கொள்ள, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர்தான் பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடல் அதிலும் பெரும்பாலானதை எடுத்துக்கொண்டு, 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை மட்டுமே மலத்தோடு போக விடுகிறது. குடலின் உட்சுவர்ச் செல்களோ சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. இப்படி நாள்தோறும் நீர் ஓடும் குழாயில், தானே உரிந்து புதுப்பித்துக்கொள்ளும் சுவரில், ஆண்டுக்கணக்காக எதுவும் அப்பிக்கொண்டிருக்க வழியில்லை. ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோபி செய்யும் மருத்துவர்கள், முதல் நாள் கொடுத்த பேதி மருந்து வேலை செய்த பிறகு, இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் வெறும் சுவரைத்தான் பார்க்கிறார்கள்.

நச்சு என்பதும் அப்படித்தான். மலத்தில் முக்கால் பங்கு நீர். மீதியில் குடல் பாக்டீரியாக்கள் பெரும்பங்கு; செரிக்காத நாரும், சிறிதளவு கொழுப்பும், உதிர்ந்த செல்களும் மற்றவை. உடல் உண்டாக்கிய கழிவு ஒன்று அதில் இருப்பது உண்மை: பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிறக்கும் பிலிருபின், பித்தநீரோடு குடலுக்கு வந்து, பாக்டீரியாக்களால் ஸ்டெர்கோபிலினாக மாறுகிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதனால் வருவதுதான்; பித்தநாளம் அடைபட்டவருக்கு மலம் வெளுத்துப்போவதும் அது வராததால்தான். ஆனால் புரதம் சிதைவதால் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வடிக்கிறது. கரியமில வாயுவை நுரையீரல் வெளியேற்றுகிறது. காலை ஏழு அங்குலம் தூக்கி வைப்பதால் இவற்றில் எந்த உறுப்பும் கூடுதலாக வேலை பார்க்கப்போவதில்லை.

‘செரிமானத்தை வேகப்படுத்தும்’ என்பது இரண்டாவது வாசகம். சோறு வாயிலேயே உமிழ்நீரால் சிதையத் தொடங்கி, இரைப்பையில் சில மணி நேரமும் சிறுகுடலில் சில மணி நேரமும் கழித்து, சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட பிறகே பெருங்குடலை அடைகிறது. அங்கே ஒரு நாளோ அதற்கு மேலோ தங்குகிறது. இன்று காலையில் வெளியேறுவது பெரும்பாலும் நேற்று அல்லது முந்தாநாள் சாப்பிட்டதன் மீதி. ஸ்டூலுக்கு வேலை இருப்பது இந்த நெடும் பாதையின் கடைசிச் சில அங்குலத்தில். அதற்கு முன் நடப்பதெல்லாம் இலையில் என்ன விழுந்தது என்பதைப் பொறுத்தது.

நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே இதைப் பார்க்கலாம். அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து பாலை எடுத்துக்கொண்டு, தவிட்டோடு கூடிய சக்கையை ஒதுக்கிவிடுகிறோம். பாலும் சர்க்கரையும் நெய்யும் சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுதும் உறிஞ்சப்படுவதால், பெருங்குடலுக்கு வந்துசேர எதுவும் மிஞ்சுவதில்லை. தொலி உளுந்து போட்டுப் பொங்கிய உளுந்தஞ்சோறு அப்படியல்ல. தொலியின் நார் செரிக்காமல் பெருங்குடல் வரை வந்து, நீரைப் பிடித்துவைத்து, மலத்தை மிருதுவாகவும் பருமனாகவும் ஆக்குகிறது. தை மாதத்துப் பனங்கிழங்கும், வாழைத்தண்டும், கூட்டாஞ்சோற்றில் விழும் முருங்கைக்கீரையும் இந்த வகை. சொதி கனமான சாப்பாடு. தேங்காய்ப்பாலின் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். கூடவே இஞ்சித் துவையல் வைப்பது நம்மவர் வழக்கம், இஞ்சி இரைப்பையைச் சற்று விரைவாகக் காலியாக்குவதாகச் சில சிறிய ஆய்வுகளும் காட்டுகின்றன. வயதுவந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெறும் வெள்ளைச் சோறும் ரசமும் அப்பளமுமாகச் சாப்பிடும் முதியவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. பல் போனதால் காய்கறியை ஒதுக்குகிறவர்களுக்கு ஸ்டூல் வாங்கிக் கொடுப்பதற்கு முன், காயைக் குழைய வேகவைத்துக் கொடுக்க வேண்டும்.

‘தினமும் காலையில் ஒருமுறை, உத்தரவாதம்’ என்ற மூன்றாவது வாசகம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. நாளைக்கு மூன்று முறை போவதும் இயல்பு, வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்பு. இளக்கமாகவும் சிரமமில்லாமலும் போகிறதா என்பதே முக்கியம். தினமும் போகவில்லையே என்ற கவலையில், வராததை வரவழைக்க அரைமணி நேரம் உட்காருகிறவர்கள்தான் மூலத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். உணவு இரைப்பைக்குள் விழுந்ததும் பெருங்குடல் அசைந்துகொடுப்பது உடலின் இயற்கை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் அது வலுவாக இருக்கும். மலக்குடல் நிறைந்து விரியும்போது உள்வளையத் தசை நம்மைக் கேளாமலே தளர்ந்து, உணர்வு வருகிறது. வெளிவளையத் தசை மட்டுமே நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதை இறுக்கி அடக்கிவிட்டால் உணர்வு அடங்கிப்போகும்; உள்ளே தங்கும் மலத்திலிருந்து நீர் மேலும் உறிஞ்சப்பட்டு அது இறுகும். பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கும், கடையில் நாள் முழுதும் நின்று வேலை பார்த்து, இடையில் போக வழியில்லாத பெண்களுக்கும் வீட்டில் எத்தனை ஸ்டூல் வைத்தும் பயனில்லை. உணர்வு வரும்போது போக அவர்களுக்கு இடமும் நேரமும் வேண்டும்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. இடுப்பை அதிகம் மடக்குவது அவர்களுக்கு ஆபத்து. தலைச்சுற்றல் உள்ளவர்களும், பிடிமானமில்லாமல் நிற்க முடியாதவர்களும் துணையில்லாமல் பயன்படுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, தார் போலக் கறுத்துப் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் பழக்கம் திடீரென்று மாறினாலோ, முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பதும் இறுகுவதும் உண்டு. அதையும் மருத்துவரிடமே சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன் கம்மோடின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். தரையிலிருந்து இருக்கை வரை 15, 16 அங்குலம் இருந்தால் 7 அங்குல ஸ்டூல் பொருந்தும். ஆள் குட்டையாக இருந்தாலும் கால் தொங்காது. 9 அங்குலத்திலும் விற்கிறார்கள். அது முழங்காலை இன்னும் உயர்த்தும் என்பதால், குந்திப் பழகிய இளையவர்களுக்குத்தான் சரிப்படும், மூட்டுவலிக்காரர்களுக்கு வலி தரும். சுவரில் பொருத்திய கம்மோடுக்கு அடிப்பகுதி இல்லாததால் அரைவட்ட வெட்டு அணைக்க ஒன்றுமில்லாமல் ஸ்டூல் பின்னுக்கு ஓடிவிடும்; அத்தகைய வீட்டில் பாதத்துக்கு ஒன்றாக இரண்டு தனித்தனிக் கட்டைகளாக வரும் வகையை வாங்குங்கள். எதை வாங்கினாலும் கடையிலேயே கவிழ்த்துப் போட்டு, நான்கு ரப்பர் புஷ்களையும் விரலால் நெம்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.