எட்டு மாதமாக ஒரே பாட்டில், எட்டு மாதமாக ஒரே சண்டை

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "உன் பொண்ணு குடிக்கிற பாட்டில் எதுன்னு சொல்லு, அதையே வாங்கிடறேன். என் பையன் எதை வச்சாலும் துப்பறான், இன்னும் மூணு வாரத்துல வேலைக்குப் போகணும்." ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார், "பாட்டில் அடியில மறுபடி ஒழுகுதும்மா, சட்டை மாத்திட்டேன்" என்றார். நான் பம்ப் செய்து வைத்துவிட்டுப் போன 90 மில்லியில் பாதி பாப்பாவின் கழுத்து மடிப்பில் போயிருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். அகல வாய், அடியில் காற்று வால்வ், பெட்டி மேல் 'தாய்ப்பால் குடிப்பது போலவே' என்று எழுதியிருக்கும் ரகம். அந்த 'போலவே' சுத்தப் பொய். மார்பில் குழந்தை கொஞ்ச நேரம் சப்பிக் காத்திருந்தால்தான் பால் இறங்கும், இறங்கியதும் வேகமாக வரும், அப்புறம் குறையும். பாட்டிலில் அந்தக் காத்திருப்பே இல்லை, சாய்த்த நொடியில் வாயில் பால். இவளுக்கு முதலில் வாங்கிய இரண்டு பாட்டில்களிலும் புரையேறிப் புரையேறியே பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பால் வரும் வேகத்துக்கென்று நிப்பிள் மேல் போட்டிருக்கும் நம்பரை நம்பவும் முடியாது, ஒரு கம்பெனியின் 1 இன்னொரு கம்பெனியின் 2 வேகத்தில் ஊற்றும், பொது அளவு என்று ஒன்று கிடையாது. இந்த பாட்டிலின் 1 உண்மையாகவே மெதுவாக வருகிறது. கவிழ்த்துப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழுந்து நின்றுவிடும். இதற்காக மட்டும் அவர்களுக்கு ஒரு கும்பிடு.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது வாரத்தில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்தோம், மடமடவென்று குடித்தாள். அட, இவ்வளவுதானா என்று மூட்டை கட்டி வைத்துவிட்டோம். பதினோராவது வாரத்தில் எடுத்தால் நிப்பிளைப் பார்த்ததுமே உடம்பை வில்லாக வளைத்துக் கத்துகிறாள். நடுவில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது கொடுத்துவந்திருக்க வேண்டும். நான் கொடுத்தால் என் வாசனை தெரிந்து முகத்தை நெஞ்சில் முட்டினாள், வீட்டுக்காரர் கொடுத்தால் பக்கத்து அறையில் என் குரல் கேட்டு அழுதாள். ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு நிஜமாகவே வெளியே போய் நாற்பது நிமிடம் தெருவில் சுற்றினேன். திரும்பி வந்தால் அவர் ஏதோ கோப்பையை ஜெயித்த மாதிரி பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறார், 20 மில்லி உள்ளே போயிருந்தது.

நல்ல பசியில் கொடுக்கவில்லை, தூங்கி எழுந்த அரைமயக்கத்தில் கொடுத்திருக்கிறார். படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, நிப்பிளை வெந்நீரில் முக்கியெடுத்து மேலுதட்டில் தொட்டுவிட்டு, அவளே வாயைத் திறக்கும்வரை சும்மா இருந்திருக்கிறார். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிடைமட்டமாகப் பிடித்து, நாலைந்து மிடறுக்கு ஒரு தடவை தாழ்த்தி மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறார். இதில் பாட்டிலுக்கு என்ன பங்கு என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

நடுவில் இரண்டு வாரம் இந்த பாட்டில் மேல் நான் பொய்ப் பழியும் போட்டேன். புதுப் பாலைக் குடிக்கிறாள், ஃப்ரீசர் பாலைத் தள்ளுகிறாள். கடைசியில் முகர்ந்து பார்த்தால் பால் சோப்புத் தண்ணீர் மாதிரி நாறுகிறது. பாலில் இயல்பாகவே இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் சிலருக்கு இப்படி ஆகுமாம், கெட்டுப்போனது இல்லை. ஓரத்தில் சின்னக் குமிழ் வரும்வரை சூடாக்கி, உடனே ஆறவைத்து, அப்புறம் ஃப்ரீசரில் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

வேலைக்குப் போன முதல் மாதம் பகல் முழுக்க 60, 70 மில்லிதான் குடிப்பாள். அந்தக் கடனை ராத்திரி என்னிடம் வட்டியோடு வசூலிப்பாள். ஒரு நாளைக்கு ஆறு டயபராவது நன்றாக நனைகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். இரண்டும் சரியாக இருந்ததால் விட்டுவிட்டோம்.

இப்போது அந்த வால்வுக்கு வருகிறேன். சட்டைப் பொத்தான் அளவு சிலிகான் வில்லை, நடுவில் மயிரிழை போல ஒரு கீறல். கொதிக்கவைத்து எடுத்தால் சில நேரம் கீறல் ஒட்டிக்கொள்ளும். காற்று ஏறாது, நிப்பிள் உள்ளே சப்பிப்போகும், இவள் கோபத்தில் பாட்டிலைத் தட்டிவிடுவாள். விரலால் லேசாக அமுக்கிப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டு மாட்டும்போது ஓரம் நூலளவு மடங்கியிருந்தால் போதும், அடியில் சொட்ட ஆரம்பிக்கும், அதுவும் உடனே இல்லை, இரண்டு நிமிடம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு. வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் நான் ஏற்கெனவே முப்பது முப்பது மில்லியாகத்தான் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அந்த முப்பதுக்கு நான் அலுவலகத்தில் பூட்டிய அறைக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று இதை வடிவமைத்த புண்ணியவானுக்குத் தெரியுமா? மொத்தம் ஆறு பாகம், ஒவ்வொரு தடவையும் ஆறையும் கழற்றிக் கழுவ வேண்டும், அதில் ஐந்து ஒழுங்காக வேலை செய்கின்றன.

தோழிக்குக் கடைசியில் அனுப்பிய பதில் இதுதான்: "வாங்காதே. முதல்ல பையனை அவர்கிட்ட கொடுத்துட்டு ஒரு மணி நேரம் வெளிய போ. நிப்பிள் மட்டும் வேணும்னா இதோடது வாங்கு, நிஜமாவே மெதுவா வரும். ஆனா அது இந்த பாட்டிலுக்குத்தான் பொருந்தும்."

அனுப்பிவிட்டு எங்களுக்கு இரண்டு வால்வ் ஆர்டர் போட்டேன். நாளைக்கு வருகிறதாம்.