பருவங்களுக்குக் காரணம்: வட்டமிடும் சூரியனா, சாய்ந்த அச்சா?

தட்டைப் பூமியின்மேல் வட்டமிடும் சூரியனா, 23.4 பாகை சாய்ந்த அச்சா பருவங்களை மாற்றுகிறது என்று தடுமாறுவோர், இலங்கையின் நுவரெலியாவில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பார்க்கலாம்.

நிழல்: ஜூன் பிற்பகுதியில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது; டிசம்பரிலோ வடக்கே, ஏறத்தாழ இருமடங்கு நீளமாக. இதை இரு தரப்பும் ஒருவாறு விளக்கிவிடும்.

வேகம்: வடமுனையை நடுவாகக் கொண்ட தட்டையில், டிசம்பர்ச் சூரியன் ஜூன் வட்டத்தைப்போல் சுமார் 1.7 மடங்கு பெரிய வட்டத்தை அதே 24 மணித்தியாலத்தில் சுற்றியாக வேண்டும். அதை விரட்டுவது எது என்பதற்கு விடையில்லை. சாய்வுக்கு இத்தொல்லை இல்லை.

தென்முனை: டிசம்பரில் அங்கு சூரியன் மறையாதிருப்பது சாய்வுக்கு இயல்பு. அந்தாட்டிக்காவை விளிம்புப் பனிச்சுவராகக் கொள்ளும் தட்டைக்கு அது இயலாது.



மேசைவிளக்கை நகர்த்திக் கதை சொல்லத் தட்டை போதும். ஏப்ரல் 7 அளவில் கம்பின் நிழல் காலடியில் ஒடுங்குவதை முன்கூட்டியே கணிக்க வேண்டியவர் சாய்வையே கொள்ளவேண்டும்.