பிரிப்பதா, அடக்கித் தைப்பதா, வெட்டுவதா, விட்டுவிடுவதா: முதல் சிக்கலான குயில்ட்டில் தவறு வந்தால்

குயில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவே பஞ்சு வைத்த போர்வை) தைப்பதில் வெறும் சதுரங்களைத் தாண்டி நட்சத்திரம், முக்கோணம், ஃப்ளையிங் கீஸ் (முக்கோணங்கள் சேர்ந்த செவ்வக வடிவம்) என்று இறங்கியவர்களுக்கு இந்த நிலைமை வந்தே தீரும். முனைகள் பொருந்தவில்லை, ஒரு பிளாக் (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரம்) 12½ இஞ்ச், பக்கத்தில் வைத்தது 12¼. யாரைக் கேட்டாலும் முதல் பதில் "பிரிச்சுத் தைங்க" என்பதுதான். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தையலில் வந்த தவறைத்தான் பிரித்துச் சரிசெய்ய முடியும். துண்டு வெட்டியதிலேயே பிசகு என்றாலோ, இஸ்திரி போடும்போது துணி இழுபட்டிருந்தாலோ, எத்தனை முறை பிரித்தாலும் திரும்ப அதே அளவில்தான் வந்து நிற்கும், துணிதான் நைந்துபோகும்.

அதனால் தையல் பிரிப்பானை எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள். கால் இஞ்ச் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில் வெறும் 1/16 இஞ்ச் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு பக்கத் துண்டும் சேர்த்து 1/8 இஞ்ச் போய்விடும். குறுக்கே நான்கு துண்டு உள்ள பிளாக்கில் மூன்று தையல், ஆக 3/8 இஞ்ச் காலி. உங்கள் மெஷினில் இதுதான் நடக்கிறதா என்று பார்க்க, 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை ஒட்டித் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்தால் போதும். சரியாக 1 இஞ்ச் இருந்தால் உங்கள் தையல்மேல் பழி இல்லை, வெட்டியதைப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால், ஊசியைத் துளியளவு வலப்பக்கம் நகர்த்துங்கள், துணி மடியும் இடத்திலும் கொஞ்சம் அகலம் போகும் என்பதால் கால் இஞ்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைப்பதுதான் சரியான அளவைத் தரும்.

சரி, இப்போது பிரிப்பதைப் பற்றி. இதன் பெரிய பலம், முடிந்தபின் தவறு நடந்த சுவடே இருக்காது. பலவீனம், துணியின் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. முக்கோணத்தின் நீளமான விளிம்பு பெரும்பாலும் கிராஸில் (துணியின் இழைக்குச் சாய்வாக) இருக்கும், அதைப் பிடித்து இழுத்துப் பிரித்தால் அலையலையாக நீண்டுவிடும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலை உருவினால் துணிக்குச் சேதம் குறைவு. இரண்டாம் முறையும் பிரிக்க வேண்டி வந்தால் நான் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டச் சொல்வேன், விளிம்பு பிசிறிய துண்டில் கால் இஞ்ச் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. பலர் செய்யாத ஒன்று: முழு வரிசையையும் பிரிக்கத் தேவையே இல்லை. பொருந்தாத சந்திப்புக்கு இருபுறமும் ஓர் இஞ்ச் மட்டும் பிரித்து, இரண்டு தையல் மடிப்புகளும் எதிரெதிர் பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று கொக்கி போட்டாற்போல் உட்காரும்படி வைத்து, குண்டூசி குத்தி, அந்த இரண்டு இஞ்சை மட்டும் திரும்பத் தையுங்கள். பிரிப்பதே பிடிக்காதவர்கள், முக்கியமான சந்திப்பை முதலில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீளத் தையலில் தைத்துத் திறந்து பார்க்கலாம், சரியில்லை என்றால் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

காகிதத்தின்மேல் வைத்துத் தைக்கும் முறையில் மட்டும் இந்தக் கணக்கு வேறு. காகிதம் எளிதில் கிழிய வேண்டும் என்பதற்காக அங்கே தையலை 1½ மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னதாக வைப்பார்கள், அதைப் பிரிப்பது தண்டனை. துண்டு கால் இஞ்ச் குறைந்துபோனது கடைசியில்தான் தெரியும் என்பதால், தைக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துத் துண்டு தன் இடத்தை முழுதாக மூடுகிறதா என்று பார்ப்பது, அப்புறம் பிரிப்பதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது அடக்கித் தைப்பது. ஒரு துண்டு கொஞ்சம் நீளம், மற்றது கொஞ்சம் குட்டை. இரண்டு முனையும் நடுவும் குண்டூசியால் பிடித்து, லூசாக இருப்பதைச் சமமாகப் பரப்பி, நீளமான துண்டைக் கீழே வைத்துத் தைத்தால், மெஷினின் பல் கீழ்த்துணியைச் சற்று வேகமாக இழுத்துக்கொண்டு போய் மீதியை உள்வாங்கிவிடும். பிரிப்பதோடு ஒப்பிட்டால் நேரமே ஆகாது. ஆனால் 12 இஞ்ச் நீளத்துக்குக் கால் இஞ்ச் வரைதான் இது எடுபடும், அதற்கு மேல் போனால் சுருக்கம் விழும். கிராஸ் விளிம்பு நன்றாக அடங்கும், நேர் இழை விளிம்பு அவ்வளவாக அடங்காது.

எல்லாவற்றையும் சின்ன பிளாக்கின் அளவுக்கு வெட்டிவிடலாம் என்ற யோசனை வரும், ரொம்ப ஆசை காட்டும். லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள் அடுக்கும் டிசைன்) மாதிரி வெளிப்பட்டை சற்று ஒல்லியானால் யாரும் கவனிக்காத டிசைன் என்றால், தாராளமாகச் செய்யுங்கள், நான்கு பக்கமும் சமமாக எடுத்தால் போதும். நட்சத்திரத்தில் வேண்டாம். முனைக்கும் துணி விளிம்புக்கும் இடையே இருக்கும் அந்தக் கால் இஞ்ச் தையலுக்காக விட்டது, அதை வெட்டினால் அடுத்த பிளாக்கோடு சேர்க்கும்போது முனைகள் எல்லாம் மழுங்கிப்போகும். இந்த வழியை மட்டும் திரும்பப் பெறவும் முடியாது, பிரித்ததைத் தைக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

எனக்குப் பிடித்தது, அளவு வேறுபடும் பிளாக்குகளைச் சுற்றிப் பட்டை வைப்பது. பிளாக்குகள் 12 முதல் 12½ வரை விதவிதமாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் சுற்றி 1½ இஞ்ச் பட்டை தைத்தால் 14 முதல் 14½ வரை வரும், எல்லாவற்றையும் 14 இஞ்சாக வெட்டிவிடலாம். குறையும் துணி பட்டையில்தான் குறையும், நட்சத்திரத்தின் முனையைத் தொடாது. பட்டையைப் பின்னணித் துணியிலேயே வெட்டினால், ஒரு பட்டை 1 இஞ்சும் இன்னொன்று ¾ இஞ்சும் இருப்பது கண்ணுக்கே படாது. எடுப்பான நிறத்தில் வைத்தால் அப்பட்டமாகத் தெரியும். இதற்கு விலை என்ன என்றால், குயில்ட் பெரிதாகிவிடும், பின்பக்கத் துணியும் அதற்கேற்பக் கூட வேண்டும். பிளாக்குகள் ஒட்டி நின்றால்தான் உருவாகும் இரண்டாவது வடிவம் ஒன்று இருந்தால் அதுவும் போய்விடும். அந்த இரண்டாவது வடிவத்துக்காகவே டிசைனைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் பட்டையை மறந்துவிட்டு, அடக்கித் தைப்பதையும் பகுதி பிரிப்பதையும் கலந்து ஓட்டுங்கள்.

கடைசி வழி, அப்படியே விட்டுவிடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. 1/16 இஞ்ச் விலகல், அதுவும் ஒத்த நிறங்களுக்கு இடையே, அடுக்குகளைச் சேர்க்கும் குயில்ட்டிங் தையல் போட்டு, நடுவில் பருத்திப் பஞ்சு வைத்து, ஒரு சலவை கண்டபின் அந்தச் சுருக்கங்களுக்குள் மறைந்துவிடும். வெள்ளையும் கருநீலமும் சந்திக்கும் இடம் என்றால் மறையாது. (அமெரிக்காவின் அமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உங்கள் தவறை விட்டுவைக்க அந்தக் கதை தேவையும் இல்லை.) ஆனால் இரண்டு வகைத் தவறுகளை விடவே கூடாது. தையலில் துணி 1/8 இஞ்சுக்கும் குறைவாக மாட்டியிருந்தால், பயன்படுத்தப் பயன்படுத்த அந்த இடம் வாய் பிளக்கும், அதைப் பிரித்தே ஆக வேண்டும், முன்பக்கம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி. இன்னொன்று, தட்டையாகப் படுக்காமல் அலையலையாக எழும் நட்சத்திரம். எட்டு வைரத் துண்டுகள் சேரும் பெரிய நட்சத்திரத்தில் ஒவ்வொரு துண்டின் கோணமும் 45 டிகிரிக்கு ஒரு டிகிரி கூடினாலே சுற்றுக்கு 8 டிகிரி அதிகம், இஸ்திரி பெட்டியால் அதை அமுக்க முடியாது. அங்கே நடுமுனையைத் தொடாமல், வெளியே போகப் போகத் தையலைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி மறுபடி தைப்பதுதான் வழி.

மேல்பகுதி ஒன்றாகச் சேர்ந்த பிறகு வரும் அலைபாயும் பார்டர் மட்டும் இந்தப் பட்டியலில் எதிலும் சேராது. விளிம்பு ஓரமாக அளந்து பார்டர் வெட்டுவதால் வருவது அது. நடுவில் குறுக்கே அளந்து, அந்த நீளத்துக்கே பார்டரை வெட்டி, விளிம்பை அதற்குள் அடக்கித் தையுங்கள்.