ஜாங்கோ ஃபார்ம்ஸ்: ரெண்டு தேதியையும் சேர்த்துப் பார்க்கிறது, 4 நட்சத்திரம்

பெங்களூரு அல்சூரில் வேன் வாடகைக்கு விடும் அண்ணா ஒருவருக்கு இணையத்தில் முன்பதிவுப் படிவம் செய்ய, பைத்தான் மொழியின் ஜாங்கோவோடு வரும் படிவக் கருவியான ஜாங்கோ ஃபார்ம்ஸைத்தான் எடுத்தேன், நான் பயன்படுத்தியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். வெள்ளிக்கிழமை கிளம்பி அதற்கு முந்தைய வியாழனே திரும்புவதாக ஒருவர் போட்டால், தேதிகளைத் தனித்தனியாகப் பார்க்கும் எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது, ரெண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கிளீன் (clean) என்கிற மெத்தட், அதாவது படிவம் முழுவதையும் சேர்த்துச் சோதிக்க நாம் எழுதும் நிரல் பகுதி. ஒவ்வொரு கட்டமும் தன் சோதனையை முடித்த பிறகே அது ஓடும், அதனால் கைக்கு வருவது வெறும் எழுத்தாக இல்லாமல் நிஜமான தேதியாகவே வரும், நேரடியாக ஒப்பிடலாம்.

ஒன்று கவனியுங்கள். ஒரு கட்டம் ஏற்கெனவே தோற்றிருந்தாலும் கிளீன் ஓடத்தான் செய்யும், ஆனால் சோதனையில் தேறிய மதிப்புகளை வைத்திருக்கும் கிளீன்டு டேட்டாவில் (cleaned_data) அந்த மதிப்பு இருக்காது. சதுர அடைப்புக்குறி போட்டு எடுத்தால் கீ எரர்தான், அதாவது அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்கிற பிழை. மதிப்பு இல்லாவிட்டாலும் பிழை தராத கெட் (get) போட்டு எடுங்கள், ரெண்டும் இருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், உள்ளீடு தவறு என்று சொல்லும் வேலிடேஷன் எரரை கிளீனுக்குள் சும்மா ரெய்ஸ் செய்தால் (எழுப்பினால்) அது எந்தக் கட்டத்தோடும் ஒட்டாமல் பொதுப் பிழையாகப் போய்விடும், நீளமான படிவத்தில் போனில் பார்ப்பவர் கண்ணில் படவே படாது. ஜாங்கோ 1.7 பதிப்பிலிருந்து, பிழையை நாம் சொல்லும் கட்டத்தோடு சேர்க்கும் ஆட் எரர் (add_error) இருக்கிறது, திரும்பும் தேதிக்குப் பக்கத்திலேயே “புறப்படும் நாளுக்கு முன்னால் திரும்ப முடியாது” என்று காட்டலாம். அருமையான வசதி.

குறை என்றால், இதெல்லாம் சர்வரில் நடப்பது. உடனுக்குடன் சொல்ல ஜாவாஸ்கிரிப்டில் அதே விதியை மறுபடி எழுத வேண்டும், ஒரு நட்சத்திரம் குறைந்தது அதனால்தான்.