ஏழு வருஷம், இரண்டு செம்பருத்தி

பக்கத்து வீட்டு அக்கா நேற்று கேட்டார்: "காம்பவுண்ட் ஓரமா ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கு. செம்பருத்தி வைக்கட்டுமா, தொங்கு செம்பருத்தி வைக்கட்டுமா?" எங்கள் வீட்டில் ஏழு வருஷமாக இரண்டுமே இருக்கின்றன. அப்போது செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்த கிளைகளை வெட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சிவப்பு ஒற்றையடுக்குச் செம்பருத்தியைக் குறை சொல்ல மனசு வராது. வருஷம் முழுக்கப் பூக்கிறது. பிள்ளையாருக்குப் பறித்தது போக எண்ணெய் காய்ச்சவும் மிஞ்சும். இலையை அரைத்துத் தேய்த்தால் தலைமுடி பட்டாக இருக்கும். ஆனால் இந்த மாவுப்பூச்சி! கொழுந்து சுருண்டு முடிச்சாகிவிடும். பிரித்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு, சுற்றிலும் எறும்பு. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கிறது. வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர் எல்லாம் அடித்தாயிற்று. பதினைந்து நாளில் திரும்பவும் வந்துவிடும்.

இதில் நானும் பெரிய தப்பு செய்தேன். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்க, விறுவிறுவென்று ஊரும் புழுக்களை இரண்டு வருஷம் நசுக்கிக்கொண்டே இருந்தேன். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழுக்கள். காப்பிச் செடியின் செதில் பூச்சியை ஒழிக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு அது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தொங்கு செம்பருத்தி கென்யா, தான்சானியா பக்கத்துச் செடி. இதழ்கள் கத்தரியால் நறுக்கிவிட்டது போல இழை இழையாகப் பிரிந்து மேலே சுருண்டிருக்கும். நடுவிலிருந்து மகரந்தத் தண்டு ஜிமிக்கி மாதிரி கீழே ஆடும். சாமி படத்தில் வைத்தால் நிற்காது. கிளைகள் வளைந்து வந்து வழியை அடைக்கும்; வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்யாமல் முடியாது. ஆனால் ஏழு வருஷத்தில் மாவுப்பூச்சி ஒரே ஒரு தடவைதான் வந்தது; தண்ணீரைப் பீய்ச்சியதும் போய்விட்டது. காலை ஏழு மணிக்குத் தேன்சிட்டு வரும். காம்பிலேயே தலைகீழாகத் தொங்கி இதழின் அடியில் அலகைச் செருகும். பூ ஊஞ்சல் ஆடும், அது பிடியை விடாது. காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவிடம் தொங்கு செம்பருத்தியே வைக்கச் சொல்லிவிட்டேன். பூஜைக்குப் பூ எங்கள் செடியிலேயே பறித்துக்கொள்ளலாம். முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருக்கிறேன், தழைத்துப் பூக்கும்வரை பொறுக்க வேண்டும்.