கரண்டு பில்லைப் பாதியாக்கும் பெட்டி: தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

சித்திரை வெயில் ஏறியதும் வீடு வீடாக வருகிறார்கள். கையில் சின்ன வெள்ளைப் பெட்டி. பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும். "அக்கா, இதை மாட்டினா பில் பாதியாயிரும்" என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ரசீது கேட்டால் துண்டுச் சீட்டு. வாங்கியவர் வீட்டில் ஒரு யூனிட்கூடக் குறைவதில்லை.

வித்தை இதுதான். பழைய காப்பர் சோக் போட்ட 40 வாட் டியூப் லைட்டை எரியவிட்டு ஒயரில் டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கருவி) மாட்டுவார்கள். 0.43 ஆம்பியர் காட்டும். பெட்டியைச் செருகியதும் 0.23-க்கு இறங்கும். பார்த்துக்கொண்டிருப்பவர் பர்ஸைத் திறந்துவிடுவார்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே 4 மைக்ரோ ஃபாரட் அளவில் ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. சோக் லைனில் இழுத்துத் திருப்பி அனுப்புகிற வீண் கரண்டை இப்போது கெப்பாசிட்டர் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. ஆம்பியர் இறங்குவது அதனால்தான். டியூப்பும் சோக்கும் சேர்ந்து தின்கிற 50 வாட் அப்படியே இருக்கிறது. வீட்டு மீட்டர் எண்ணுவது அந்த வாட்டைத்தான். பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகிற பங்கு) குறைந்தால் அபராதம் என்பதெல்லாம் ஆலைகளுக்கு.

அடுத்து வருபவரிடம், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் செருகச் சொல்லுங்கள். டெஸ்டரில் 0.29 ஆம்பியர் ஏறும்!

மீட்டரிலேயே சரிபார்க்கலாம். முகப்பில் 3200 இம்பல்ஸ் (imp/kWh) என்று இருந்தால், ஒரு யூனிட்டுக்கு மீட்டரின் சின்ன விளக்கு 3200 முறை சிமிட்டும் என்று பொருள்; 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடையிலான விநாடியால் வகுங்கள்; கிடைப்பது வாட். எண் வேறென்றால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை 1125-க்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். 75 வாட் ஃபேன் மட்டும் ஓடினால் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல். பெட்டியைச் செருகினாலும் அதே 15.

"எங்களுக்குக் குறைஞ்சுதே" என்பவர்கள் மாதத்தைப் பாருங்கள். மே மாதம் வாங்கியிருப்பார்கள். ஜூனில் மழை பிடித்ததும் ஃபேனும் ஏ.சி.யும் அடங்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டுக்கு மேலிருந்து உள்ளே வந்தால், 101 முதல் 200 வரையிலான மலிவு விலையும் திரும்பக் கிடைக்கும். பெயர் பெட்டிக்குப் போகிறது.

அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் கொண்டது) கைக்கு எட்டிவிடும். 75 வாட் இடத்தில் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 32 யூனிட் மிச்சம். கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஏற வழக்கத்தைவிட நேரமானால் ஃபுட் வால்வை (குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவினால் ரப்பர் போய்விட்டது. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் ஏ.சி. வெளி யூனிட்டை உப்பு பிடிக்கும், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். உடனே பின்னைத் தொட வேண்டாம். தேங்கிய கரண்டை வடிக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இல்லாத மலிவுப் பெட்டியில் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டி, துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அங்கே முடியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.