கோவையில் அத்தைக்குப் பித்தப்பை அறுவை: திரையில் தெரிந்த பச்சை

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த விடுமுறையின் பெரும்பகுதி, பித்தப்பைக் கல்லால் அவதிப்பட்ட அத்தையுடன் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கழிந்தது. அதன் வரவேற்புக் கூடத்தில் 'ஆகுமென்டட் ரியாலிட்டி உதவியுடன் லேப்ராஸ்கோப்பி' என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். லேப்ராஸ்கோப்பி என்பது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவை. அத்தைக்கும் அதுதானா என்று கேட்டேன். அறுவை மருத்துவர் சுற்றி வளைக்காமல் விளக்கினார்.

சிடி ஸ்கேனிலிருந்து உறுப்பின் முப்பரிமாண உருவத்தைத் தயாரித்து, கேமரா காட்டும் நேரடிப் படத்தின் மேல் பொருத்துவதுதான் 'ஆகுமென்டட் ரியாலிட்டி' என்ற பெயருக்கு முழுமையாக உரிய முறை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அறுவை மருத்துவர் ழாக் மாரெஸ்கோவின் குழு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் அறுவையில் இதைப் பயன்படுத்தி, அந்த அனுபவத்தை 2004-இல் வெளியிட்டது. பித்தப்பை ஒட்டியிருக்கும் கல்லீரல் விஷயத்தில்தான் சிக்கல். ஸ்கேன் எடுத்தபோது இருந்த வடிவம், கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி வயிற்றை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் உப்ப வைத்த பிறகு அப்படியே இருப்பதில்லை. மூச்சுக்கு மூச்சு இடம் மாறுகிறது, கருவியால் தூக்கினால் வளைகிறது. சில மில்லிமீட்டர் விலகினாலும் ஆபத்துதான், ஏனெனில் பித்தநீரைக் கொண்டுசெல்லும் குழாயான பித்தநாளத்தின் அகலமே சில மில்லிமீட்டர்தான்.

அத்தைக்குப் பயன்படுத்தியது இன்டோசயனின் கிரீன் என்ற சாயம். அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு அதை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து பிரித்துப் பித்தநீரில் சேர்க்கிறது. பிறகு அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைப் பாய்ச்சினால் பித்தநாளம் ஒளிர்கிறது. கேமரா அதைப் பச்சையாக்கிச் சாதாரணப் படத்தின் மேல் காட்டுகிறது. உடலே அந்தக் கணத்தில் தரும் படம் என்பதால், பழைய ஸ்கேனைப் பொருத்தும் தொல்லை இதில் இல்லை. பெயர் மறைத்த ஒரு பழைய பதிவை மருத்துவர் எனக்குப் போட்டுக் காட்டினார்: மஞ்சள் கொழுப்பைத் தவிர எதுவும் தெரியாத இடத்தில், பொத்தானை அழுத்தியதும் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று எழுந்தது. ஆனாலும் அழற்சியால் தடித்த திசுவுக்குள் பச்சை மங்கிவிடும் என்றும், பித்தப்பைக்குள் நுழைவன இரண்டே குழாய்கள் என்று கண்ணால் உறுதி செய்யாமல், குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடுவதில்லை என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். பலகையைவிட இந்தச் சொல்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

மருத்துவரிடம் இருந்த தெளிவு மற்றவர்களிடம் இல்லை. சாயத்தில் அயோடைடு உண்டு என்பதால் ஒவ்வாமை பற்றி அட்மிஷனிலேயே விசாரித்திருக்க வேண்டும். ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் செவிலியர் கேட்டார். மதிப்பீட்டுத் தாளில் இல்லாத சாயக் கட்டணம் டிஸ்சார்ஜ் பில்லில் முளைத்தது. இன்சூரன்ஸும் அதை ஏற்கவில்லை. அறுவையன்று இரவு அத்தைக்கு வலது தோள் வலித்தபோது மாரடைப்போ என்று பதறிப்போனோம். உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி, ஓரிரு நாளில் போய்விடும் என்று பணி மருத்துவர் வந்து சொன்ன பிறகே அத்தை தூங்கினார். இதே அறுவைக்குச் செல்பவர்கள், சாயக் கட்டணம் மதிப்பீட்டில் அடங்குமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.